நன்றி, தங்கள் செய்தி கிடைத்தது

2024 ஜூலை மாதம் திருப்பதியில் ஒரு முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு முடிந்து அனைவரும் தேநீருக்காக வெளியே நின்றிருந்த வேளையில், குப்பத்திலிருந்து வந்திருந்த ஆய்வு மாணவர் ஒருவர் தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்டார். கருத்தரங்கிற்கான தம் கட்டுரைச் சுருக்கத்தை ஆய்வு வட்டத்தின் இணையதளத் தொடர்புப் படிவம் வழியே ஏப்ரலிலேயே அனுப்பியதாகவும், ஏற்றார்களா மறுத்தார்களா என்ற செய்திகூட இதுவரை வரவில்லை என்றும் சொன்னார். கேட்கப்பட்டவர் அந்த வட்டத்தின் தளத்தைக் கவனித்துவந்த ஆய்வாளர். அவர் உறுதியாகவே பதில் சொன்னார்: "உங்கள் சுருக்கம் எங்களுக்கு வரவே இல்லை." மாணவர் மறுத்துப் பேசவில்லை. கைப்பேசியை எடுத்து, தாம் அன்று படம்பிடித்து வைத்திருந்த திரையைக் காட்டினார். பச்சைக் கட்டத்துக்குள் ஒரு வரி இருந்தது: "நன்றி, தங்கள் செய்தி கிடைத்தது."

அந்த வரியை எழுதியவரே ஆய்வாளர்தான். எட்டு ஆண்டுகளுக்கு முன் தளம் அமைக்கப்பட்டபோது, ஆங்கிலத்தில் இருந்த ஒப்புகைச் செய்தியைத் தமிழாக்கித் தருமாறு கேட்டார்கள். அவர் செய்து கொடுத்தார். தாம் எழுதிய வாக்கியம் பொய் சொல்லியிருக்கிறது என்பதை அவர் அன்றுதான் அறிந்தார்.

சித்தூரிலும் திருப்பதியிலும் உள்ள சில ஆசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்து நடத்தும் சிறு வட்டம் அது. எல்லைப்புறத்தில் தமிழும் தெலுங்கும் ஒரே தாளில் எழுதப்பட்ட ஆவணங்களைத் தேடிப் பதிவுசெய்வது அதன் வேலை. வீட்டுப் பத்திரங்கள், கோயில் கணக்குகள், கரணம் எழுதிய நோட்டுகள், திருமண அழைப்பிதழ்கள் எனத் தலைப்பு தெலுங்கிலும் உடல் தமிழிலுமாகவோ, மொழி தமிழும் லிபி தெலுங்குமாகவோ இருப்பவற்றை வட்டம் தேடியது. இத்தகைய தாள்கள் நூலகங்களில் இருப்பதில்லை, வீடுகளில் இருக்கின்றன. வீட்டுக்காரர் தாமாக முன்வந்து சொன்னாலொழிய அவற்றை அடைய வழியில்லை. ஆகவே அந்தத் தளத்தில் கட்டுரைகளை விடவும் முக்கியமானது தொடர்புப் படிவம்தான். வட்டத்தின் கூட்டங்களில் இரண்டு ஆண்டுகளாக ஒரு குறை திரும்பத் திரும்பப் பேசப்பட்டது: "யாரும் எழுதுவதில்லை, மக்களுக்கு ஆர்வம் குறைந்துவிட்டது." தமிழ்நாட்டுப் பக்கம் இருந்தால் எழுதுவார்கள், இங்கே இருப்பவர்கள் எழுதமாட்டார்கள் என்று ஒரு மூத்த பேராசிரியர் சமூகவியல் விளக்கமும் கொடுத்திருந்தார்.

அன்றிரவு ஆய்வாளர் தாமே படிவத்தை நிரப்பினார். பெயர், ஊர், மின்னஞ்சல், செய்தி நான்கையும் எழுதி அனுப்பும் பொத்தானை அழுத்தினார். பச்சைக் கட்டம் வந்தது, நன்றி வந்தது, மின்னஞ்சல் வரவில்லை. குப்பை மடல் உறையிலும் இல்லை. தளத்தை அமைத்த முன்னாள் மாணவர் இப்போது பெங்களூரில் வேலையில் இருக்கிறார். அவரைத் தொலைபேசியில் அழைத்தபோது, உலாவியில் நிரலாளர் கருவிகளைத் திறந்து, வலைப்போக்குவரத்துப் பகுதியில் பழைய பதிவுகள் அழியாதபடி குறியிட்டுவிட்டு, மறுபடி அனுப்பிப் பார்க்கச் சொன்னார். திரையின் அடியில் இரண்டு வரிகள் தோன்றின. முதல் வரி: போஸ்ட், 301. இரண்டாம் வரி: கெட், 200. மறுமுனையில் சற்று மௌனம். பிறகு, "அக்கா, கடிதத்தை எடுத்துவிட்டு உறையை மட்டும் அனுப்பியிருக்கிறது" என்றார் அவர்.

அந்த இரண்டு எண்களுக்குள் நடந்தது என்ன என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஏனெனில் கல்லூரித் தளங்களிலும் இதழ்த் தளங்களிலும் இதே பிழை எவர் கண்ணிலும் படாமல் இருந்துவிடக்கூடியது. உலாவி ஒரு வழங்கியிடம் பேசும்போது பெரும்பாலும் இரண்டு வினைகளில் ஒன்றைச் சொல்கிறது. கெட் என்றால் "இந்தப் பக்கத்தைக் கொடு" என்று பொருள். போஸ்ட் என்றால் "இதோ, இதை வாங்கிக்கொள்" என்று பொருள். படிவத்தில் எழுதியவை அதனுடன் சேர்ந்து செல்கின்றன. எழுதியவற்றை எங்கே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்ற முகவரி, படிவத்தின் நிரலுக்குள்ளேயே இருக்கும். இந்தத் தளத்தின் படிவத்தில் அந்த முகவரி முழுமையாக, தொடக்கத்தில் டபிள்யூடபிள்யூடபிள்யூ என்ற மூன்றெழுத்துடன் எழுதப்பட்டிருந்தது. 2023 மார்ச்சில் யாரோ ஒருவர், ஒரே தளம் இரண்டு முகவரிகளில் திறப்பது தேடுபொறிக்கு ஆகாது என்று அறிவுரை சொன்னார். அறிவுரை தவறன்று. அதன்படி வழங்கியின் அமைவுக் கோப்பில் ஒரு விதி சேர்க்கப்பட்டது: டபிள்யூடபிள்யூடபிள்யூ என்ற முன்னொட்டுடன் வருவோர் அனைவரையும் அது இல்லாத முகவரிக்கு நிரந்தரமாகத் திருப்பிவிடு. 301 என்பது அந்த நிரந்தரத் திருப்பலின் எண்.

பக்கங்களைப் படிப்போருக்கு இதனால் ஒரு தொல்லையும் இல்லை. ஆனால் படிவம் மட்டும் பழைய முகவரிக்கே எழுதிக்கொண்டிருந்தது. வழங்கி, "வீடு மாறிவிட்டது, அங்கே போ" என்று 301 சொன்னது. உலாவி புதிய முகவரிக்குச் சென்றது. ஆனால் போஸ்ட்டைக் கைவிட்டுக் கெட்டாக மாற்றிக்கொண்டு சென்றது. கெட்டுக்கு உடல் இல்லை. எழுதியவர் பெயரும் ஊரும் செய்தியும் வழியிலேயே விழுந்துவிட்டன. இது ஏதோ ஓர் உலாவியின் கோளாறு என்று எண்ண வேண்டாம். 1996 மே மாதம் வெளியான எச்டிடிபி 1.0 ஆவணத்திலேயே, சில உலாவிகள் இவ்வாறு தவறாக வினையை மாற்றுகின்றன என்ற குறிப்பு இருக்கிறது. தவறு பரவிப் பழக்கமாகி, பின்வந்த விதிமுறைகள் அதை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. வினையை மாற்றாமல் உடலையும் சேர்த்துக் கொண்டுசெல்லும் திருப்பலுக்கெனத் தனி எண்களை உண்டாக்கினார்கள்: தற்காலிகத் திருப்பலுக்கு 1999இல் 307, நிரந்தரத் திருப்பலுக்கு 2014இல் 308. ஆனால் ஹோஸ்டிங் நிறுவனத்தின் பலகத்தில் ஒரு பொத்தானை அழுத்தித் திருப்பலை ஏற்படுத்துவோரில் எத்தனை பேர் இந்த எண்களைப் பார்க்கிறார்கள்? முகவரியின் இறுதியில் ஒரு சாய்கோடு விடுபட்டாலும் இதே கதை நடக்கலாம். வழங்கி சாய்கோட்டைச் சேர்த்து 301 அனுப்பும், செய்தி விழுந்துவிடும்.

அஞ்சல் துறை இதைவிட நேர்மையானது என்று ஆய்வாளருக்குத் தோன்றியது. வீடு மாறியவருக்கு வரும் கடிதத்தில் பழைய முகவரியை அடித்துப் புதியதை எழுதி அனுப்புவார்கள்; உறைக்குள் கை வைப்பதில்லை. இந்தப் பகுதி மக்களுக்கு முகவரி மாறுவது புதிதும் அன்று. வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்த சித்தூர், 1911இல் தன் பெயரிலேயே ஒரு மாவட்டம் ஆயிற்று. 1953இல் சென்னை மாநிலத்திலிருந்து ஆந்திர மாநிலத்துக்கும், 1956இல் ஆந்திரப் பிரதேசத்துக்கும் சென்றது. 1960 ஏப்ரலில் திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போனது. 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி தனி மாவட்டமானபோது, காளஹஸ்திக்காரர்கள் சித்தூர் மாவட்டம் என்று எழுதுவதை ஒரே நாளில் நிறுத்த வேண்டியிருந்தது. இத்தனைக்கும் நடுவே, 1972இல் வந்த அஞ்சல் குறியீட்டு எண்ணில் திருப்பதியின் 517501ஐயும் சித்தூரின் 517001ஐயும் புதிய மாவட்டம் அசைக்கவில்லை. எண்ணைச் சரியாக எழுதினால், மாவட்டத்தைப் பழைய பெயரால் எழுதினாலும் கடிதம் போய்ச் சேர்ந்துவிடும். திருமலை தேவஸ்தானத்தின் இணையவழிப் பதிவுத் தளமும் அண்மை ஆண்டுகளில் டாட் காம் முகவரியிலிருந்து ஆந்திர அரசின் முகவரிக்கு மாறி, அதற்குள்ளும் பெயர் மாறியது. டிம் பெர்னர்ஸ்-லீ 1998லேயே, முகவரிகளை மாற்றாமல் இருப்பதே நல்ல தளத்தின் இலக்கணம் என்று வாதிட்டு ஒரு குறிப்பு எழுதினார். அது நிறைவேறாத ஆசையாகவே இருக்கிறது.

திருப்பல் ஒரு பிழை. அது தொழில்நுட்பம் சார்ந்தது, மன்னிக்கத்தக்கது. மன்னிக்க முடியாத பிழை வேறு. செய்தியைப் பெற்று மடலாக்கி அனுப்பும் சிறு நிரல், தனக்கு ஏதேனும் வந்ததா என்று பார்க்கவே இல்லை. வெற்றுக் கையுடன் யார் கதவைத் தட்டினாலும் "நன்றி" என்றது. பிஎச்பி மொழியில் மடல் அனுப்பும் கட்டளை ஆம் என்று விடை சொன்னால், அது "மடலை உள்ளூர் அஞ்சல் நிரலிடம் ஒப்படைத்துவிட்டேன்" என்பதற்கு மேல் எதையும் குறிப்பதில்லை. பெட்டியில் போட்டதற்கும் பெற்றவர் படித்ததற்கும் உள்ள தொலைவு அது. இந்தத் தளத்தின் நிரல் அந்த ஆமையும் கேட்கவில்லை. படிவம் பிழைச் செய்தி காட்டியிருந்தால் முதல் வாரத்திலேயே யாராவது தொலைபேசியில் சொல்லியிருப்பார்கள். நன்றி சொன்னதால்தான் பதினாறு மாதங்கள் எவரும் எதுவும் சொல்லவில்லை.

ஆனால் ஒரு கேள்வி எஞ்சியது. உடல் இல்லாத மடலானாலும், வெறும் தலைப்புகளோடு ஒரு வெற்று மடலாவது வந்திருக்க வேண்டுமே. அதுவும் ஏன் வரவில்லை? அந்த வெற்று மடல்கள் எங்கே போயின?

விடை 2022 பிப்ரவரியில் இருந்தது. அதுவரை வட்டத்தின் மின்னஞ்சல் பெட்டி, தளம் இருந்த அதே வழங்கியில் இருந்தது. இடம் போதாமல் மின்னஞ்சலை மட்டும் கூகுளின் நிறுவன மின்னஞ்சல் சேவைக்கு மாற்றினார்கள். வெளியுலகுக்கு அந்த மாற்றம் டிஎன்எஸ் பதிவேட்டின் வழியே அறிவிக்கப்பட்டது. யார் எழுதினாலும் புதிய பெட்டிக்கு வந்தது. ஆனால் பழைய வழங்கியிடம் மட்டும் எவரும் சொல்லவில்லை. அதன் அமைவில் "இந்தப் பெயருக்கு வரும் மடல்கள் நம் வீட்டுக்குரியவை" என்ற குறி அப்படியே இருந்தது. படிவத்திலிருந்து வரும் மடல் அந்த வழங்கியிலேயே பிறப்பதால், அது வாசற்படியைத் தாண்டாமல் உள்ளேயே இருந்த பழைய பெட்டிக்குள் விழுந்தது. அந்தப் பெட்டியை அழித்தவரும் இல்லை, திறந்தவரும் இல்லை.

இரவு பதினொரு மணிக்கு மேல் ஆய்வாளர் ஹோஸ்டிங் பலகத்தின் கோப்பு மேலாளர் வழியே அந்த அடைவைத் திறந்தார். புதியவை என்ற பெயர்கொண்ட உறைக்குள் கோப்புகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றும் ஒரு மடல். முதல் சிலவற்றைத் திறந்தபோது தமிழ் இல்லை. தலையில் சாய்கோடு தாங்கிய இலத்தீன் எழுத்தும் வட்டத்துக்குள் அடைபட்ட பதிவுக்குறியும் மாறி மாறி வந்து பக்கத்தை நிறைத்திருந்தன. இதைக் கண்டு அவர் அஞ்சவில்லை. பழைய எழுத்துருக் குறியாக்கங்களில் தட்டச்சிட்ட 1990களின் ஆய்வேடுகளைத் திறந்து பழகியவர் அவர். யூனிகோடின் யூடிஎஃப்-8 வடிவில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டுகள் உண்டு. அவற்றுள் முதல் பைட்டு எப்போதும் ஒன்றே, இரண்டாவது இரண்டில் ஒன்று. அதனால்தான் தவறாகத் திறக்கப்பட்ட தமிழ் எப்போதும் ஒரே முகத்தைக் காட்டுகிறது. நிரல் தன் மடலின் தலைப்பகுதியில் இது எந்தக் குறியாக்கம் என்று அறிவிக்கவில்லை, அவ்வளவே. பைட்டுகள் சிதையவில்லை. கோப்புகளைப் பதிவிறக்கி, யூடிஎஃப்-8 என்று சொல்லித் திறந்ததும் தமிழ் எழுந்து வந்தது. கேள்விக்குறிகள் வரிசையாக நின்றிருந்தால்தான் அஞ்ச வேண்டும். அது எழுத்து தவறாகத் தெரிவதன் அடையாளமன்று, அழிந்துபோனதன் அடையாளம். ஓரம் பூச்சியரித்த ஏட்டுக்கும் எரிந்த ஏட்டுக்கும் உள்ள வேறுபாடுதான்.

பெரும்பாலானவை விளம்பரங்கள். தளத்துக்கு முதலிடம் வாங்கித் தருவதாகச் சொல்பவர்கள், கடன் தருபவர்கள், புரியாத மொழிகளில் எழுதுபவர்கள். அவற்றை ஒதுக்கியபின் மனிதர் எழுதியவை சில டஜன் எஞ்சின. நகரியிலிருந்து ஒரு மாணவி, தம் பாட்டி வைத்திருக்கும் தாலாட்டு நோட்டைப் பற்றி எழுதியிருந்தார். வேலூரிலிருந்து ஒருவர் வட்டத்தின் கட்டுரையொன்றில் ஊர்ப்பெயர் தவறு என்று சுட்டியிருந்தார், தவறுதான். 2022 நவம்பரில், சித்தூரிலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருந்தார்.

அவருடைய தாத்தா கரணமாக இருந்தவர். ஆந்திரத்தில் 1984இல் அந்தப் பரம்பரைப் பதவி ஒழிக்கப்படுவதற்கு நெடுங்காலம் முன்பே இறந்துபோனவர். அடங்கலும் சிட்டாவும் அரசுக்குப் போய்விட்டன. ஆனால் தம் கைக்கென்று அவர் படியெடுத்து வைத்த நோட்டுகள் ஒரு மரப்பெட்டியில் இருந்தன. பக்கத் தலைப்பும் மாதப்பெயரும் தெலுங்கில். பயிர், வரப்பு, வாய்க்கால், ஆள் பெயர் எல்லாம் தமிழில். அதே பெட்டியில், அவருடைய தந்தை வடக்கெல்லைப் போராட்டக் காலத்தில் சேர்த்துவைத்த அச்சுத் துண்டறிக்கைகள் சில. ஆசிரியர் பதினொரு பொருள்களை எண்ணிட்டுப் பட்டியலிட்டிருந்தார்; ஒவ்வொன்றுக்கும் பக்க எண்ணிக்கை, தாளின் நிலை, எந்தப் பக்கத்தில் நீர்பட்டிருக்கிறது என்ற குறிப்பு. நூலகவியல் படித்தவர் எழுதியது போன்ற பட்டியல். இறுதியில் ஒரு வரி: வீட்டை எப்போது காலிசெய்ய நேரும் என்று தெரியாது, ஆகவே விரைவில் வந்து பார்த்தால் நல்லது.

ஆய்வாளரின் முனைவர் பட்ட ஆய்வின் மூன்றாம் இயல், எல்லைப்புறக் கணக்குநடையில் மொழிக்கலப்பு பற்றியது. சான்றுகள் போதாமையால் அந்த இயலைச் சுருக்கும்படி நெறியாளர் அறிவுறுத்தி ஓராண்டு ஆகியிருந்தது. அந்தக் கடிதத்தை அவர் எத்தனை முறை படித்தார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பெட்டியின் பிற்பகுதி வேறு மாதிரியாக இருந்தது. 2023 மார்ச்சுக்குப் பின் வந்த கோப்புகள் எல்லாம் ஒரே அளவு. "பெயர்:" என்று இருந்தது, எதிரே ஒன்றுமில்லை. "ஊர்:", "மின்னஞ்சல்:", "செய்தி:" எவற்றின் எதிரேயும் ஒன்றுமில்லை. நாளும் நேரமும் மட்டும் துல்லியமாக இருந்தன. யாரோ ஒருவர் ஒரு ஞாயிறு மாலை 6 மணி 42 நிமிடத்துக்கு எதையோ எழுதி அனுப்பியிருக்கிறார் என்பது மட்டும் தெரிந்தது. அச்சிட்ட படிவத்தை நிரப்பாமல் கொடுத்தது போன்ற அந்த வெற்று மடல்களை அவர் ஒன்றும் அழிக்கவில்லை. நாள்வாரியாக ஒரு பட்டியலில் ஏற்றினார்.

காலையில் ஆசிரியரின் எண்ணுக்கு அழைத்தார். கடிதத்தில் எண் இருந்தது. மறுமுனையில் ஒரு பெண்குரல், மாமனார் இப்போது சித்தூரிலேயே வேறு பகுதியில் தங்களோடு இருக்கிறார் என்று சொல்லி வழியும் சொன்னது. சனிக்கிழமை, பாகாலா வழியாகக் காட்பாடி செல்லும் ரயிலில் ஆய்வாளர் சித்தூருக்குச் சென்றார். சாலைவழி சென்றாலும் எழுபது கிலோமீட்டர் அளவுதான். இந்தத் தொலைவுக்கு ஒரு கடிதம் ஏறக்குறைய இருபது மாதம் எடுத்துக்கொண்டது.

ஆசிரியர் வாசலிலேயே நின்றிருந்தார். "வாங்கம்மா, உள்ள வாங்க" என்றார். மன்னிப்புக் கேட்க ஆய்வாளர் ரயிலில் தயாரித்துவந்த வாக்கியங்களுக்கு இடம் கிடைக்கவில்லை. அவர் குறைசொல்லவே இல்லை. "மூணு தடவ எழுதினேம்மா. ஒவ்வொரு தடவயும் நன்றி, கிடைச்சுதுன்னு வந்துது. சரி, படிச்சுட்டாங்க, பெரிய எடம், நம்ம நோட்டு அவங்களுக்கு வேண்டாம்போலன்னு இருந்துட்டேன்." தாம் எழுதிய தேதிகளை ஒரு நாட்குறிப்பில் குறித்துவைத்திருந்தார். இரண்டாவது 2023 ஜூன். மூன்றாவது 2024 ஜனவரி, பொங்கலுக்கு மறுநாள். ஆய்வாளரின் பட்டியலில் அந்த இரண்டு நாள்களுக்கும் ஒவ்வொரு வெற்று மடல் இருந்தது.

மூன்றாம் கடிதத்தில் என்ன எழுதினார் என்று கேட்டபோது, "வீடு காலி பண்ணப்போறோம், மே மாசத்துக்குள்ள யாராவது வந்தா நல்லதுன்னு எழுதினேன்" என்றார்.

மே மாதத்தில் வீடு காலியாயிற்று. புதிய வீட்டில் இடம் குறைவு. மரப்பெட்டி வரவில்லை, அதிலிருந்தவற்றில் கைக்கு அகப்பட்டதை ஒரு துணிப்பையில் கட்டி ஆசிரியர் எடுத்துவந்திருந்தார். மிச்சம், பழைய செய்தித்தாள்களோடு சேர்ந்து எடைக்குப் போய்விட்டது. அவர் அப்போது வீட்டில் இல்லை. பதினொன்றில் ஏழு இருந்தன. துண்டறிக்கைகள் அனைத்தும் இருந்தன. கரணத்தின் நோட்டுகள் ஆறில் இரண்டு மட்டும். அந்த இரண்டையும் ஆய்வாளர் அன்று மாலைவரை இருந்து பக்கம் பக்கமாகப் படமெடுத்தார். மூல நோட்டுகளையும் எடுத்துக்கொண்டு போகும்படி ஆசிரியர் சொன்னார். ஆய்வாளர், "வேண்டாங்கய்யா, உங்ககிட்டயே இருக்கட்டும், நாங்க பெட்டி கொண்டுவந்து தர்றோம்" என்றார். அடுத்த வாரம் அமிலம் கலவாத அட்டைப்பெட்டி ஒன்று போய்ச்சேர்ந்தது.

சீர்செய்த கதை இதைவிடச் சுருக்கமானது, ஆனால் நேர்க்கோட்டில் நடந்ததன்று. படிவத்துக்குள் முழு முகவரியை எடுத்துவிட்டு, தளத்தின் பெயர் இல்லாத உள்முகவரியை மட்டும் எழுதினார்கள். இனி முன்னொட்டு இருந்தாலும் போனாலும் படிவம் தான் நிற்கும் வீட்டுக்கே எழுதும். அந்த ஒரு கோப்புக்கு மட்டும் திருப்பலை 308 ஆக்கினார்கள். வழங்கியின் அஞ்சல் அமைவில் "உள்ளூர்" என்பதை "வெளியூர்" என்று மாற்றினார்கள். எல்லாம் முடிந்தது என்று எண்ணிச் சோதித்தபோது மூன்றாவது பிழை தலைகாட்டியது. முதல் இரண்டும் மறைத்துக்கொண்டிருந்த பிழை அது. ஜிமெயில் முகவரியை இட்டு அனுப்பிய சோதனை மடல் குப்பை உறைக்குள் கிடந்தது. யாஹூ முகவரியை இட்டு அனுப்பியது வாசலிலேயே மறுக்கப்பட்டுத் திரும்பியது.

காரணம், நிரல் எழுதியவர் செய்த ஒரு நல்லெண்ணம். பதில் எழுத எளிதாக இருக்கட்டும் என்று, மடலின் அனுப்புநர் இடத்தில் படிவம் நிரப்பியவரின் முகவரியையே வைத்திருந்தார். அதாவது சித்தூர் வட்டத்தின் வழங்கி, யாஹூ பயனர் ஒருவரின் பெயரில் கையெழுத்திட்டு மடல் அனுப்பியது. ஒரு காலத்தில் இது எல்லோரும் செய்ததுதான். ஆனால் தன் பெயரில் பிற வழங்கிகள் அனுப்பும் மடலை மறுத்துவிடுங்கள் என்று யாஹூ 2014 ஏப்ரலில் உலகுக்கு அறிவித்தது. அன்று எத்தனையோ மின்னஞ்சல் குழுமங்கள் திணறின. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும், சான்று இல்லாத மடல்களை இன்னும் கடுமையாக நடத்தத் தொடங்கின. ஆகவே அனுப்புநர் இடத்தில் வட்டத்தின் சொந்த முகவரியும், பதிலுக்கான இடத்தில் எழுதியவரின் முகவரியுமாக மாற்றினார்கள். வட்டத்தின் பெயரில் எந்தெந்த வழங்கிகள் மடல் அனுப்பலாம் என்பதை டிஎன்எஸ்ஸில் எஸ்பிஎஃப் பதிவாக எழுதி, கடவுச்சொல் தந்து உள்நுழைந்து அனுப்பும் எஸ்எம்டிபி வழிக்கு நிரலை மாற்றினார்கள். குறியாக்கம் யூடிஎஃப்-8 என்பதையும் தலைப்பகுதியில் எழுதினார்கள்.

இவற்றுக்கெல்லாம் மேலாக ஆய்வாளர் வற்புறுத்தியது ஒன்று உண்டு: செய்தி வந்தவுடன், மடலாக்குவதற்கு முன்பே, வெளியார் திறக்க முடியாத ஓர் அடைவில் அது ஒரு கோப்பாகப் பதிவாக வேண்டும். பதிவான பின்னரே, அந்தப் பதிவின் எண்ணோடு எழுதியவருக்கு ஒப்புகை போக வேண்டும். வெற்றாக வந்தால், வெற்று என்று சொல்ல வேண்டும். பெங்களூர் இளைஞர் இதை ஒரு மாலையில் எழுதிக்கொடுத்தார். திங்கள்கிழமைதோறும் யாரேனும் ஒருவர் வெளியிலிருந்து படிவத்தை நிரப்பிப் பார்க்க வேண்டும் என்று வட்டத்தில் முறை வைத்தார்கள். முதல் முறையை, மக்கள் எழுதமாட்டார்கள் என்று விளக்கம் சொன்ன பேராசிரியரே கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஒப்புகை வாசகத்தையும் மாற்ற வேண்டியிருந்தது. நெடுநேரம் யோசித்து ஆய்வாளர் எழுதியது இது: "தங்கள் செய்தி பதிவாகியுள்ளது, எண் இது. இன்னும் படிக்கவில்லை. பத்து நாள்களுக்குள் பதில் வராவிடில் இந்த எண்ணைக் குறிப்பிட்டுத் தொலைபேசியில் அழைக்கவும்." இவ்வளவு நீளம் தேவையா, "இன்னும் படிக்கவில்லை" என்பது மரியாதைக் குறைவாகத் தோன்றாதா என்று கூட்டத்தில் சிலர் கேட்டனர். வாசகம் அப்படியே நின்றது.

வெற்று மடல்களுக்கு உரியவர்களைக் கண்டறிய வழியில்லை. தளத்தின் முகப்பில் ஓர் அறிவிப்பு வைத்தார்கள்: 2023 மார்ச் முதல் 2024 ஜூலை வரை எழுதியவர்களின் செய்திகள் எங்கள் பிழையால் எங்களுக்குக் கிட்டவில்லை, அன்புகூர்ந்து மீண்டும் எழுதுக. அதன்கீழ் அந்த மடல்களின் நாளும் நேரமும் பட்டியலாக. செப்டம்பர் முடிவதற்குள் நான்கு பேர் மீண்டும் எழுதினார்கள். குப்பத்து மாணவர் தம் கட்டுரைச் சுருக்கத்தை முதல் ஆளாக அனுப்பினார். ஞாயிறு மாலை 6 மணி 42 நிமிடத்துக்கு எழுதியவர் இன்னும் எழுதவில்லை.